தரவுப் புள்ளிகளுக்கு அலாரம்: எதற்கு வைப்பது, எதை விடுவது?

துவாஸ்வாசி | திங்கள், இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையின் பயன்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். குளிர்நீர், அழுத்தக் காற்று, தூய நீர், கழிவுநீர் நடுநிலையாக்கம் எல்லாம் எங்கள் பொறுப்பு. பழைய ஸ்காடா (ஆலைக் கருவிகளைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) போய்ப் புதியது வருகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் தரவுப் புள்ளிகள், அதாவது டேகுகள்.

அளவு காட்டும் ஒவ்வொரு டேகுக்கும் மிகத் தாழ்வு, தாழ்வு, உயர்வு, மிக உயர்வு என்று நான்கு வரம்புகள் வேண்டும், நான்குக்கும் அலாரம் வேண்டும், எல்லாமே உயர் முன்னுரிமை என்பது மேலாளரின் கட்டளை. "ஏன் அலாரம் இல்லை என்று பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது" என்கிறார். மென்பொருளோடு வந்த வார்ப்புருவில் 10, 20, 80, 90 விழுக்காடு என்று தானாகவே வரம்புகள் விழுகின்றன. அப்படியே விட்டுவிடலாமா? ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

இரவுப்பணி | திங்கள், இரவு 10.05

தாராளமாக விட்டுவிடுங்கள். முதல் வாரத்திலேயே ஆபரேட்டர்கள் ஒலிபெருக்கிக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள், உங்களுக்கும் நிம்மதி. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் பஸ்ஸர் மேல் ஒட்டிய நாடா இன்றும் இருக்கிறது. யார் ஒட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எடுக்கவும் யாருக்கும் மனமில்லை.

கட்டுப்பாட்டறைக் கிழவன் | திங்கள், இரவு 11.20

தம்பி, மேலாளரின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை அவர் ஆபரேட்டரின் தலையில் இறக்கி வைக்கிறார். ஜூரோங் தீவில் பல ஆண்டுகள் திரை முன் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டேகைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது வரம்பைத் தாண்டினால் ஆபரேட்டர் என்ன செய்வார்? வால்வை மூடுவார், மாற்றுப் பம்பை ஓட்டுவார், களத்தில் இருப்பவரை வானொலியில் அழைப்பார் என்று ஒரு செயலைச் சொல்ல முடிய வேண்டும். "கவனித்துக்கொண்டிருப்பார்" என்பது பதில் அன்று. செயல் இல்லையென்றால் அது அலாரம் இல்லை. பதிவேட்டில் போகட்டும், வரைபடத்தில் தெரியட்டும், சத்தம் மட்டும் போட வேண்டாம்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும் என்பது அடுத்த கேள்வி. முன்னுரிமை இந்த இரண்டிலிருந்துதான் வர வேண்டும், மேலாளரின் மனநிலையிலிருந்து அன்று. மொத்தத்தில் உயர் முன்னுரிமை 5 விழுக்காடு, நடுத்தரம் 15, மீதி 80 தாழ்வு என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் பங்கீடு. எல்லாமே உயர்வு என்றால் முன்னுரிமை என்ற நெடுவரிசையே வீண்.

இதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1994 ஜூலை 24, வேல்ஸில் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஒரு வால்வு உண்மையில் மூடியிருந்தது, திரையோ திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. அதில் எது முக்கியம் என்று தேட எந்த மனிதனால் முடியும்? இந்த மாதிரிப் பாடங்களிலிருந்துதான் 1999-இல் ஈஈஎம்யூஏ 191 என்ற வழிகாட்டி வந்தது. பிறகு 2009-இல் ஐஎஸ்ஏ 18.2, 2014-இல் ஐஇசி 62682 என்ற தரங்கள். ஒரு ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்றால் சமாளிக்கலாம், 10 நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது வெள்ளம் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மேலாளரிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள், இந்தத் தரங்களின் பெயரைச் சொல்லுங்கள்.

துவாஸ்வாசி | செவ்வாய், காலை 7.15

நன்றி ஐயா. செயல் இருக்க வேண்டும் என்பது புரிகிறது. வரம்பு எண்ணை எப்படி முடிவு செய்வது? நடுநிலையாக்கத் தொட்டிக்கு 80, 90 வைத்திருக்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது.

நீலப்பம்பு | செவ்வாய், மதியம் 12.50

ஒருங்கிணைப்பு ஒப்பந்த வேலை செய்பவள் நான், இந்த 80, 90-ஐப் பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடாமல் அது நியாயமா என்று சொல்லவே முடியாது. உங்கள் தொட்டியின் உண்மையான எண்களை இதில் போட்டுப் பாருங்கள்.

தொட்டி 60 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்ச வரத்து மணிக்கு 54 கனமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 0.9. மட்டம் நிமிடத்துக்கு 1.5 விழுக்காடு ஏறும். வழிந்தோடும் குழாய் 95 விழுக்காட்டில் இருக்கிறது. அலாரத்தைப் பார்த்து, என்ன என்று புரிந்து, ஆளை அனுப்பி, அவர் மாடியிறங்கிப் போய் வால்வை மூடி முடிக்க 12 நிமிடம் ஆகும். பன்னிரண்டு நிமிடத்தில் 18 விழுக்காடு ஏறிவிடும். 95-இலிருந்து 18 போனால் 77. கொஞ்சம் இடம் விட்டு 75 வையுங்கள். வார்ப்புருவின் 80-இல் கிடைப்பது 10 நிமிடம், 90-இல் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த மூன்று நிமிடத்தில் ஆள் தலைக்கவசத்தை மாட்டி முடித்திருப்பார், அவ்வளவுதான்.

12 நிமிடம் என்ற எண்ணை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். இரவு ஷிப்டில் இரண்டே பேர் இருக்கும்போது நடந்து பாருங்கள்.

அதே தொட்டியின் பிஎச் வேறு விதம். பொதுக் கழிவுநீர்க் குழாயில் விட 6 முதல் 9 வரை இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அலாரத்தை 6.5-இல் வைத்தால் அரை அலகு இடம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பிஎச் மடக்கை அளவு. நடுநிலைக்கு அருகே, தாங்கு திறன் (பிஎச் மாற்றத்தை எதிர்க்கும் திறன்) இல்லாத நீரில், அமிலம் சிறிது கூடுதலாக விழுந்தாலே அந்த அரை அலகு நொடிகளில் போய்விடும். ஆபரேட்டருக்கு நேரமே இல்லாத இடத்தில் அலாரத்தை நம்புவது அவரைப் பலிகொடுப்பது. அங்கே வெளியேற்று வால்வு தானாக மூட வேண்டும், நீர் திருப்பிச் சுழல வேண்டும். மூடியது என்று தெரிவிக்கத்தான் அலாரம். அதில் ஆபரேட்டரின் வேலை, அமிலம், காரம் செலுத்தும் பம்புகளைப் போய்ப் பார்ப்பது.

மருந்தாலை | செவ்வாய், மாலை 6.30

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கம் பேச வருகிறேன். மருந்து தயாரிக்கும் இடத்தில் "செயல் இல்லையென்றால் அலாரம் இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் குளிர் அறை 2 முதல் 8 டிகிரி. 8.1 ஆனால் அது பதிவாக வேண்டும், ஒருவர் ஏற்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான். அலாரத்தைக் குறைத்தோம் என்று பெருமையாகச் சொன்னால் எதை மறைக்கிறீர்கள் என்று கேட்பார். துவாஸ்வாசியின் மேலாளர் அப்படி ஒரு தணிக்கையை எதிர்கொண்டவராக இருக்கலாம்.

கட்டுப்பாட்டறைக் கிழவன் | செவ்வாய், இரவு 8.10

உங்கள் குளிர் அறையில் செயல் இருக்கிறதே! சரக்கை நிறுத்திவைப்பது, தரப்பிரிவுக்குச் சொல்வது, வேறு அறைக்கு மாற்றுவது, இவையெல்லாம் செயல்தானே? அது முழுத் தகுதியுள்ள அலாரம். நான் எதிர்ப்பது அதே கட்டடத்தின் கழிப்பறை வெளியேற்று விசிறிக்கும் அதே ஒலி வைப்பதை. பதிவு வேறு, அலாரம் வேறு. தணிக்கைக்கு வேண்டியது பதிவு. நிகழ்வு என்று ஒரு வகை எல்லா ஸ்காடாவிலும் இருக்கிறது. அதில் ஆயிரம் வரட்டும், யாரையும் எழுப்பாது.

மருந்தாலை | செவ்வாய், இரவு 8.45

இதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். கதவைத் திறந்து ட்ரோலியைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் காற்றின் வெப்பநிலை எகிறும், மருந்தின் வெப்பநிலை அசையாது. கிளைக்கால் நிரப்பிய சிறு குப்பிக்குள் சென்சாரை வைத்தோம், பொருளின் வெப்பநிலைக்கு நெருங்கிய அளவு கிடைத்தது. பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. மென்பொருளில் தாமதத்தைக் கூட்டுவதற்கு முன், சென்சார் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று பாருங்கள்.

துவாஸ்வாசி | புதன், இரவு 9.30

பழைய ஸ்காடாவின் அலாரப் பதிவை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பெரும்பகுதி ஏழெட்டு டேகுகளிலிருந்தே வருகிறது! காத்திருப்பில் நிற்கும் பம்பின் "ஓட்டம் மிகத் தாழ்வு". குளிர்நீர்த் தொட்டியின் மட்டம், வரம்பருகே நின்று வந்துபோய் வந்துபோய். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தொடங்கும்போதெல்லாம் "வழங்கு வெப்பநிலை உயர்வு". இவற்றை எப்படி அடக்குவது?

சில்லர்சித்தன் | புதன், இரவு 10.40

இதற்காகத்தான் காத்திருந்தேன். மூன்றும் மூன்று நோய், ஒரே மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிற்கும் பம்பில் ஓட்டம் இல்லாதது இயல்பு. அலார நிபந்தனையில் பம்பின் இயக்க நிலையைச் சேருங்கள்: பம்ப் ஓடுகிறது, ஓடத் தொடங்கி 30 நொடி ஆகிவிட்டது, அப்போதும் ஓட்டம் இல்லை என்றால் மட்டும் அலாரம். வரம்பைப் பூச்சியமாக்கியோ மைனஸ் 9999 போட்டோ வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும் பம்ப் வறண்டு எரியும்போதும் அந்த அலாரம் வாய் திறக்காது. அலாரம் வேண்டாமென்றால் அதை முடக்குங்கள். முடக்கியது பட்டியலில் தெரியும், 9999 தெரியாது.

தொட்டி மட்டத்துக்கு டெட்பேண்ட், அதாவது அலாரம் எழும் அளவுக்கும் அடங்கும் அளவுக்கும் இடையே விடும் இடைவெளி. உயர்வு 85, டெட்பேண்ட் 5 என்றால் 85-இல் எழுந்து 80-க்குக் கீழே போனால்தான் அடங்கும். மட்டம், ஓட்டம் ஆகியவற்றுக்கு அளவெல்லையில் 5 விழுக்காடு, அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1 என்று தொடங்குவது வழக்கம். தாமத நேரம் ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 நொடி, மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 நொடி. இவை தொடக்க எண்கள்தான். வேகமாக ஏறும் அழுத்தத்துக்கு 15 நொடிகூட அதிகமாக இருக்கலாம். டெட்பேண்டை விழுக்காட்டில் கேட்கிறதா, டிகிரியில் கேட்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஒரு விழுக்காடு என்று நினைத்து 1 போட்டு, அது 1 டிகிரியாக எடுத்துக்கொண்டால், 7 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் இடையே விளையாடும் குளிர்நீரில் அலாரம் அடங்க வெகுநேரம் ஆகும்.

சில்லர் தொடக்கம் நிலை சார்ந்த விஷயம். நீர் 6.7 டிகிரிக்கு இறங்கச் சில நிமிடங்கள் ஆகத்தான் செய்யும். சில்லர் இயந்திரத்தின் தனிப்பட்ட வழங்கு வெப்பநிலைக்கு ஏன் அலாரம் என்று யோசியுங்கள். ஆலைக்குப் போகும் பொதுக் குழாயின் வெப்பநிலைதான் உங்கள் வாடிக்கையாளரைச் சுடும். அங்கே ஒன்று வைத்தால் போதும்.

இன்னொன்று. இயக்க நிலையை மாற்றினால் வரம்பும் கூடவே மாற வேண்டும். 2023-இல் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கு எஸ்எஸ் 697 என்ற தரம் வந்தது, அறையை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் ஓட்டலாம் என்கிறது. 22-இல் ஓடியபோது வைத்த 25 டிகிரி அலாரத்தை அப்படியே விட்டு, அறையை 26-க்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நடந்திருக்கிறது, எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

இரவுப்பணி | புதன், இரவு 11.55

மின்னழுத்தச் சரிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கோ தோண்டும்போது தரையடிக் கேபிள் அடிபடும். நமக்கு விளக்கு ஒரு முறை சிமிட்டும், நொடிகூட இராது. அவ்வளவுதான், காக்கைக் கூட்டத்தில் கல்லெறிந்தது போல நூற்றைம்பது அலாரம் ஒரே நேரத்தில் கத்தும். மேலாளர் அந்த நேரம் பார்த்து அழைத்து "என்ன நிலவரம்?" என்பார்.

நீலப்பம்பு | வியாழன், காலை 8.20

அதற்கு மின்பலகையில் உள்ள குறை அழுத்த ரிலேயின் சிக்னலை ஸ்காடாவுக்குக் கொண்டுவாருங்கள். அது எழுந்தால் ஒரே ஒரு அலாரம்: மின்னழுத்தம் சரிந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் தனித்தனிப் பழுது அலாரங்களை 60 நொடி அடக்கி வையுங்கள். பல கருவிகள் தாமாகவே மீண்டும் ஓடிவிடும். 60 நொடிக்குப் பிறகும் நிற்பவை மட்டும் திரையில் வரட்டும். ஆபரேட்டருக்கு வேண்டியது அந்தச் சிறு பட்டியல். தீ, வாயுக் கசிவு ஆகியவற்றின் அலாரங்கள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்த அடக்கத்துக்குள் வரக்கூடாது.

துவாஸ்வாசி | வியாழன், இரவு 9.10

தகவல் தொடர்பு அறுந்தாலும் இதே கதைதானே அக்கா? தூய நீர்ப் பிரிவின் பிஎல்சியோடு (களக் கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தொடர்பு போனால் அங்குள்ள எல்லா டேகும் பூச்சியமாகி, எல்லாம் "மிகத் தாழ்வு" என்கிறது.

நீலப்பம்பு | வியாழன், இரவு 10.00

அது சத்தமாவது போடுகிறது. சத்தம் போடாமல் பொய் சொல்லும் டேகைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

ஒவ்வொரு டேகுக்கும் மதிப்போடு தரக்குறி ஒன்றும் வருகிறது: நல்லது, ஐயத்துக்குரியது, கெட்டது. கெட்டது என்றால் வரம்பு அலாரங்களை மதிப்பிடவே கூடாது. பிஎல்சிக்கு ஒரு நாடித்துடிப்பு எண் வையுங்கள், நொடிக்கு ஒன்று கூட வேண்டும். நின்றால் "தூய நீர்ப் பிரிவுத் தொடர்பு இல்லை" என்று ஒரு அலாரம், அவ்வளவே.

அடுத்தது சென்சாரின் டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னல். 4 என்றால் 0 விழுக்காடு, 20 என்றால் 100. 3.6-க்குக் கீழேயும் 21-க்கு மேலேயும் போனால் டிரான்ஸ்மிட்டர் பழுது என்பது நாமூர் அமைப்பின் என்ஈ 43 பரிந்துரை. அளவுகோலில் 3.6 என்பது மைனஸ் 2.5 விழுக்காடு, 21 என்பது 106.25. பிஎல்சி நிரல் எழுதுபவர் அழகுக்காக 0 முதல் 100 வரை வெட்டிவிட்டால் இந்த இரண்டும் மறைந்துபோகும். கம்பி அறுந்தது காலித் தொட்டியாகத் தெரியும். வெட்டாதீர்கள், வெட்டியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

மிகக் கொடியது உறைந்த மதிப்பு. 2005 டிசம்பர் 11, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கு. பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த தொட்டியில் மட்டமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. மானியின் மதிப்பு வரம்பை எட்டவே இல்லை, ஆகவே உயர் மட்ட அலாரமும் வரவில்லை. தனியாக இருந்த கடைசி உயர் மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, ஆவி பரவி, காலை 6 மணி அளவில் வெடித்தது. வரம்பை எத்தனை நேர்த்தியாகக் கணக்கிட்டிருந்தாலும் அங்கே பயன் இல்லை. உள்ளே வரும் பம்ப் ஓடுகிறது, மட்டம் பத்து நிமிடமாக அசையவில்லை என்றால் அதுவே அலாரமாக இருக்க வேண்டும். பம்ப் நிபந்தனையைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இரவில் அமைதியாக இருக்கும் தொட்டிகள் எல்லாம் புகார் சொல்லும்.

மருந்தாலை | வெள்ளி, காலை 9.40

அருமை. எங்கள் அழுத்தக் காற்றின் பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) அளவு நெடுநாளாக மைனஸ் 40-இல் நேர்கோடாக நிற்கிறது. எல்லோரும் "எவ்வளவு நிலையான உலர்த்தி" என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம். இன்று அந்தச் சென்சாரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

இரவுப்பணி | வெள்ளி, மாலை 5.30

ஆபரேட்டர் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். சென்சார் கெட்டு, உதிரி வர இரண்டு வாரம் என்றால், அதுவரை அந்த அலாரத்தை ஒத்திவைக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். பொறியாளர் கடவுச்சொல் கேட்டால் நாங்கள் மறுபடி ஒட்டுநாடாவைத்தான் தேடுவோம்.

கட்டுப்பாட்டறைக் கிழவன் | வெள்ளி, இரவு 7.50

கொடுக்க வேண்டியதுதான், கால வரம்போடு. ஒரு ஷிப்டுக்கு மேல் தானாகவே திரும்பி வர வேண்டும். ஒத்திவைத்தவர் பெயர், காரணம் இரண்டும் கட்டாயம். ஷிப்ட் மாறும்போது ஒத்திவைத்த பட்டியலை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். இரண்டு வாரக் கதை என்றால் அது ஒத்திவைப்பு இல்லை, சேவையிலிருந்து விலக்குவது. அதற்குப் பொறியாளர் கையெழுத்தும், அதுவரை அந்த அளவை எப்படிக் கண்காணிப்பது என்ற மாற்று ஏற்பாடும் வேண்டும். மணிக்கு ஒரு முறை நேரில் போய்க் கண்ணாடி மானியைப் படிப்பதும் மாற்று ஏற்பாடுதான்.

துவாஸ்வாசி | சனி, காலை 11.05

மேலாளரிடம் பேசினேன். நீலப்பம்பு அக்காவின் தொட்டிக் கணக்கை எங்கள் எண்களோடு போட்டுக் காட்டினேன். எங்கள் ஆலையில் 90-இல் இரண்டரை நிமிடம்தான் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் வாதத்தை விட்டுவிட்டார். கழிவுநீர், அழுத்தக் காற்றுப் பிரிவுகளை முதலில் ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து பார்ப்பது, மற்றவை நிகழ்வாக மட்டும் பதிவாவது என்று முடிவு. ஆனால் எல்லா உயர் முன்னுரிமை அலாரங்களும் தன் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்.

இரவுப்பணி | சனி, காலை 11.20

வரட்டும். நிச்சயமாக வரட்டும். அதிகாலை மூன்று மணிக்கும் வரட்டும். முன்னுரிமைப் பட்டியல் தானாகவே சுருங்கும்.

துவாஸ்வாசி | சனி, மதியம் 2.30

இன்னொரு கேள்வி. சோதனையில் பம்ப் நின்றதற்கு முன்பே அழுத்தம் குறைந்ததாக வரிசை காட்டுகிறது. சில வரிகளின் நேரம் எட்டு மணி நேரம் பின்தங்கியும் இருக்கிறது.

சில்லர்சித்தன் | சனி, மாலை 4.15

எட்டு மணி நேரம் என்றால் ஒரு பிஎல்சி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, சேவையகம் சிங்கப்பூர் நேரத்தில். எல்லாவற்றையும் ஒரே நேரச் சேவையகத்தோடு இணைத்து, உள்ளே பொது நேரத்திலேயே சேமித்து, திரையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டுங்கள். வரிசை குழம்புவது வேறு காரணம். நேர முத்திரையை பிஎல்சி இடவில்லை, ஸ்காடா வாசிக்கும்போது இடுகிறது. பம்ப் நிலையை ஐந்து நொடிக்கு ஒரு முறையும் அழுத்தத்தை ஒரு நொடிக்கு ஒரு முறையும் வாசித்தால் விளைவு முன்பும் காரணம் பின்பும் வரத்தான் செய்யும். ஒரே இயந்திரத்தின் டேகுகளை ஒரே வாசிப்புக் குழுவில் போடுங்கள். எது முதலில் விழுந்தது என்று துல்லியமாகத் தெரிய வேண்டிய சில்லர், கம்ப்ரசர் ஆகியவற்றுக்கு பிஎல்சியிலேயே முதல் பழுதைப் பிடித்துவைக்கும் நிரலை எழுதச் சொல்லுங்கள்.

துவாஸ்வாசி | சனி, மாலை 4.40

வாசிப்புக் குழுக்களைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஐந்தும் ஒன்றும். ஒப்பந்தக்காரர் செவ்வாய்க்கிழமை வருகிறார், முதல் பழுது நிரலை அன்றே கேட்கிறேன்.